விலகியிருப்பது யார் செலவில்?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது கல்லாறு. பாறைகளுக்கிடையே இறங்கும் ஆற்றின் பெயரே ஊரின் பெயரும். சுற்றியுள்ள காட்டுக்குள் காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. இந்த மலைப்பகுதியை வெளியுலகம் அறிந்தது பெரும்பாலும் மருந்தின் பெயரால்தான். கல்லாற்றுக் காட்டிலுள்ள மொட்டமூட்டைச் சேர்ந்த லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு அவருடைய மூலிகை வைத்திய அறிவுக்காக 2018இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அதற்கும் முப்பத்தோரு ஆண்டு முன்னால், 1987இல், அகத்தியர் மலைக்குப் போன ஆய்வாளர்கள், உடன்வந்த காணிக்காரர்கள் ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடி, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையத்தில் ‘ஜீவனி’ என்ற மருந்தானது. கோயம்புத்தூர் நிறுவனமொன்று உரிமத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானபோது, மரபறிவுக்குப் பங்கு தரும் முன்மாதிரியாக உலக அரங்குகளில் அது பேசப்பட்டது.

2020இல் அந்த மலைக்கும் அதே மாவட்டத்தின் கடற்கரைக்கும் ஒரே நிலைமை வந்தது. புதிய வைரஸுக்கு மருந்து யாரிடமும் இல்லை. சீனாவின் வூஹானிலிருந்து திருச்சூர் திரும்பிய மாணவிக்குத் தொற்று உறுதியானது 2020 ஜனவரி 30. இந்தியாவின் முதல் தொற்றும் அதுவே. நாட்டில் தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. இடைப்பட்ட ஓராண்டை மருந்தில்லாமல்தான் கடக்க வேண்டியிருந்தது. பல நாடுகளுக்கு அந்த இடைவெளி இன்னும் நீண்டது. உலகில் அதுவரை போடப்பட்ட தடுப்பூசிகளில் முக்கால் பங்கைப் பத்தே நாடுகள் போட்டுக்கொண்டுவிட்டன என்று ஐ.நா. பொதுச் செயலாளர் 2021 பிப்ரவரியில் சொன்னார்.

மருந்தில்லாத காலத்தின் கருவிகள் எல்லோருக்கும் தெரிந்தவை: சோப்பு, முகக்கவசம், இடைவெளி, தொற்றியவரைத் தனியே வைப்பது, அவரோடு பழகியவர்களைத் தேடிப் பிடிப்பது. இவை மலிவானவை, ஆகவே ஏழை நாடுகளுக்கு ஏற்றவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. இது பாதி உண்மைதான். மருந்து வாங்கினால் செலவு கஜானாவின் கணக்கில் ஏறுகிறது. விலகியிருந்தால் செலவு வீட்டின் கணக்கில் ஏறுகிறது. அதற்கு ரசீது கிடையாது, அதனால் அது கண்ணுக்குப் படுவதில்லை. அந்தச் செலவை வீட்டின் தலையிலிருந்து இறக்கிவைக்க யார் முன்வந்தார்கள் என்பதைப் பொறுத்தே இக்கருவிகள் வேலை செய்தன, அல்லது முறிந்தன. கேரளத்தின் மலையையும் கடற்கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிறது.

ஒத்திகை: 2018

கேரளம் இந்தப் பாடத்தைக் கொரோனாவுக்கு முன்பே ஒருமுறை படித்திருந்தது. 2018 மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா வந்தது. தொற்றியவர்களில் பெரும்பாலோர் இறந்துபோகும் நோய் அது. தடுப்பூசி இல்லை, உறுதிப்படுத்தப்பட்ட மருந்தும் இல்லை. பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி, மே 21 அன்று இறந்தார். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் பலருக்கு அங்கேயே தொற்றியது.

சுகாதாரத் துறை செய்தது எளிமையானது, ஆனால் அயராமல் செய்ய வேண்டியது. ஒவ்வொரு நோயாளியும் எந்த நேரத்தில் எந்த வார்டில், எந்த வராந்தாவில் இருந்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று மணிவாரியாகக் குறித்தார்கள். 2,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கண்காணிப்புப் பட்டியலில் சேர்ந்தன. அவர்களுக்குத் தினமும் தொலைபேசி அழைப்பு போனது. காய்ச்சல் வந்தால் ஆம்புலன்ஸ் போனது. ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்ப்பொருள் மருந்து வரவழைக்கப்பட்டது; அதைப் பயன்படுத்தத் தேவை ஏற்படுவதற்குள் பரவல் நின்றுவிட்டது. 17 உயிர்கள் போயிருந்தன. இரண்டு மாவட்டங்களைத் தாண்டிப் பரவாமல் ஒரு கொடிய நோயைத் தடுத்தது ஒரு பட்டியலும் அதைப் பின்தொடர்ந்த ஆட்களும்தான். 2020 மார்ச்சில் இத்தாலியிலிருந்து திரும்பிய பத்தனம்திட்டைக் குடும்பம் சென்ற இடங்களையெல்லாம் மாவட்ட நிர்வாகம் வரைபடமாக வெளியிட்டதற்கு இந்த அனுபவமே முன்னோடி.

நினைவூட்டும் முகம்

2020 மார்ச் நடுவில் கேரள அரசு ‘பிரேக் தி செயின்’ என்ற கைகழுவும் இயக்கத்தைத் தொடங்கியது. பேருந்து நிலையங்களிலும் கடை வாசல்களிலும் தண்ணீர்க் குழாயும் சோப்பும் வைக்கப்பட்டன. சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவும் வீடுகள் இந்தியாவில் 35.8 விழுக்காடுதான் என்று 2018இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு சொல்லியிருந்தது. மற்றவர்களுக்குச் சுகாதாரம் தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. குடத்தில் தண்ணீர் பிடித்து வரும் வீட்டில் எந்த வேலைக்கு எவ்வளவு தண்ணீர் என்பது முன்பே பங்கிடப்பட்டிருக்கும். கைகழுவச் சொல்வதற்கு முன் குழாயைப் பொதுவிடத்தில் வைத்ததில் அந்த இயக்கத்தின் புத்தி இருந்தது.

முகக்கவசத்துக்கு இன்னும் துல்லியமான சான்று வங்கதேசத்திலிருந்து வந்தது. 2020 நவம்பர் தொடங்கி 600 கிராமங்களில், ஏறத்தாழ 3.4 லட்சம் பெரியவர்களிடையே ஒரு பெரும் சோதனை நடந்தது. பாதி ஊர்களில் முகக்கவசத்தை இலவசமாக வீட்டு வாசலிலும் மசூதியிலும் சந்தையிலும் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் போட்டுக் காட்டினார்கள். போடாமல் தெருவில் வருபவரை ஓர் ஆள் நிறுத்தி, நயமாக நினைவுபடுத்தினார். முகக்கவசம் முறையாக அணிவோர் 13 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாக உயர்ந்தார்கள். அறுவைச் சிகிச்சைக் கவசம் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு கூடிய தொற்று சுமார் 11 விழுக்காடு குறைந்தது. அவ்வூர்களின் அறுபது வயதைத் தாண்டியவர்களிடையே 35 விழுக்காடு. கைபேசிக் குறுஞ்செய்தியும் ஊருக்கு அறிவித்த பரிசும் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. இலவசமாகக் கொடுப்பதும் நேரில் வந்து சொல்லும் மனித முகமும்தான் பலன் தந்தன. இரண்டுக்கும் செலவு உண்டு. இரண்டாவதற்குச் சம்பளமும் உண்டு.

மலையில்: ஊர்க்கூட்டத்தின் முடிவு

பெருந்தொற்றுக் காலத்தில் கேரளத்தில் மிகக் கடுமையான ஊரடங்கை நடத்தியது அரசு அல்ல. இடுக்கி மாவட்டத்தின் இடமலக்குடி. 2010இல் உருவான, மாநிலத்தின் முதல் பழங்குடிக் கிராமப் பஞ்சாயத்து அது. மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் இருபதுக்கும் மேற்பட்ட குடிகளில் முதுவர்கள் வாழ்கிறார்கள். மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் இவர்களின் பேச்சு தமிழோடு நெருக்கமானது.

வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்தது. சாமான் வாங்க எல்லாரும் மூணாறுக்குப் போவது நின்றது. ஊருக்காக ஒருவர் போய் வந்தார். போய் வந்தவர் இரண்டு வாரம் தனியே இருந்தார். காவலர் யாரும் நிற்காமலே இது நடந்தது. நாடு இரண்டு அலைகளைக் கடந்த பிறகு, 2021 ஜூலையில்தான் இடமலக்குடியில் முதல் தொற்று பதிவானது. அதற்குள் தடுப்பூசி வந்திருந்தது. மருந்தில்லாத தடுப்பின் வேலை நோயை என்றென்றைக்கும் நிறுத்துவதில்லை. மருந்து வந்துசேரும் வரை நாளைக் கடத்துவதே அதன் வேலை. ஒன்றரை ஆண்டைக் கடத்திய இடமலக்குடி அதை முழுமையாகச் செய்தது.

இதைப் பழங்குடிகளின் இயல்பான ஞானம் என்று புகழ்ந்து முடித்துவிடுவது வசதியானது. உண்மையில் அங்கே மூன்று விஷயங்கள் கூடியிருந்தன. முடிவை எடுத்தவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்களும் ஒரே ஆட்கள். விலகியிருந்ததால் பட்டினி வரவில்லை. விளைநிலமும் ரேஷனும் இருந்தன. குடிக்கும் குடிக்கும் இடையே காடு இருந்தது. மூன்றில் ஒன்று விலகினாலும் கதை மாறும். கல்லாற்றில் மூன்றாவது இருந்தது, இரண்டாவது முழுமையாக இல்லை. சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டதும் பொன்முடிக்குப் போகும் வண்டிகளை நம்பிய சாலையோரக் கடைகளுக்கு வருமானம் நின்றது. காடு இடைவெளியைத் தந்த இடத்தில் கைச்செலவுக்கு வழி அடைபட்டது.

கடற்கரையில்: கமாண்டோக்கள்

மூன்றுமே இல்லாத இடம் பூந்துறை. திருவனந்தபுரம் நகரின் தென்கோடியில், கடலுக்கும் சாலைக்கும் நடுவே சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் மீனவர்கள் வாழும் பகுதி. கரையில் வள்ளம் ஒதுங்கியதும் மீன் ஏலம், ஏலம் முடிந்ததும் கூடையோடு பெண்கள் சந்தைக்கு, சந்தை முடிந்ததும் கையில் காசு, அந்தக் காசில் இரவுச் சோறு என்று நாளுக்கு நாள் சுழலும் பொருளாதாரம். இங்கே பதினான்கு நாள் விலகல் என்பது பதினான்கு நாள் சமையல் இல்லை என்பதாகும்.

ஊரடங்கின் தொடக்கத்திலேயே கேரள அரசு கடற்கரை மீன் ஏலத்தை நிறுத்தி, துறைமுகந்தோறும் விலையை முன்கூட்டியே நிர்ணயிக்கும் முறையைக் கொண்டுவந்தது. கூட்டத்தைக் குறைக்கச் செய்த ஏற்பாடு, ஏலத் தரகரின் பிடியையும் தளர்த்தியது. இது நல்ல யோசனை: தடுப்பு விதி மீனவரின் வருமானத்தைப் பறிக்காமல் அமைந்தது.

2020 ஜூலையில் நிலைமை கைமீறியது. குமரிச்சந்தை மீன் சந்தையோடு தொடர்புடைய ஒரு வியாபாரியிடமிருந்து தொற்று பரவியதாகக் கண்டறியப்பட்டது. ஐந்து நாளில் பூந்துறையில் 600 பேரைச் சோதித்ததில் 119 பேருக்குத் தொற்று. அதே ஆண்டு மே மாதம் சென்னையின் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று பரவியதைத் தமிழ்நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். சந்தை என்பது ஒரே நாளில் பல ஊர்களைத் தொடும் இடம். நகரில் மூன்றடுக்கு (‘டிரிபிள்’) ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. பூந்துறைக்குள் 25 கமாண்டோக்கள் இறக்கப்பட்டார்கள். வள்ளங்கள் தமிழ்நாட்டுக் கரைக்குப் போகாமல் கடலிலும் காவல் போடப்பட்டது. மூன்று வார்டுகளில் குடும்பத்துக்கு ஐந்து கிலோ அரிசி இலவசம் என்ற அறிவிப்பும் வந்தது.

துப்பாக்கி முதலில் தெரிந்தது, அரிசி பிறகுதான் தெரிந்தது. ஜூலை 10 அன்று மக்கள் தடையை மீறித் தெருவுக்கு வந்தார்கள். அத்தியாவசியப் பொருள் வாங்கக்கூட வழியில்லை, ஊரையே நோய்க்கூடாக முத்திரை குத்திவிட்டார்கள் என்பது அவர்களின் புகார். சுகாதாரப் பணியாளர்களின் வாகனத்தை மறித்து அவர்கள் முகத்தருகே இருமியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. இந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது எச்சரிக்கை பிந்தியது, தேடுதல் பிந்தியது என்று இந்தக் கரை முழுவதும் கொதித்தது. விழிஞ்ஞத்துக்கு வந்த முதலமைச்சரையே மக்கள் முற்றுகையிட்டார்கள். கடலில் தேட வராத அரசு கரையில் காவலுக்கு வந்தால் கரை எப்படிப் பார்க்கும்?

திருப்பமும் விரைவில் வந்தது. பங்குக் கோயிலும் ஊர்ப் பெரியவர்களும் நடுவில் நின்று பேசினார்கள். இரண்டே நாளில், அதே ஊரார் சுகாதாரப் பணியாளர்களைப் பூத்தூவி வரவேற்றார்கள். ஆனால் தொற்று அதற்குள் ஓடிவிட்டிருந்தது. பூந்துறையிலும் அதே கரையிலுள்ள புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நிகழ்ந்துவிட்டது என்று ஜூலை 17 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். மற்ற மாநிலங்கள் அந்தச் சொல்லை உச்சரிக்கவே தயங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

பூந்துறைக்கு முன்பே உலகில் ஒரு பூந்துறை நடந்திருந்தது. 2014 ஆகஸ்டில் எபோலாவைத் தடுக்க, லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயிண்ட் குடிசைப்பகுதியை அந்நாட்டு அரசு முள்வேலி போட்டுப் படையால் அடைத்தது. கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் ஒரு சிறுவன் இறந்தான். பத்து நாளில் வேலியை அகற்ற வேண்டிவந்தது. பிறகு அந்நாடு வேறு வழிக்கு மாறியது. குடியிருப்புகளின் ஆட்களே வீடு வீடாக நோயாளிகளைத் தேடினார்கள். சடங்குக்கு மரியாதை தரும் பாதுகாப்பான அடக்க முறை வகுக்கப்பட்டது. எபோலாத் தடுப்பூசிச் சோதனை பலன் காட்டுவதற்கு முன்பே லைபீரியாவில் பரவல் சரிந்திருந்தது.

அரிசியும் ஆளும்

பூந்துறை கேரளத்தின் விதிவிலக்கு. விதி வேறு மாதிரி இருந்தது. நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்படுவதற்கு ஐந்து நாள் முன்னால், 2020 மார்ச் 19 அன்று, கேரள அரசு 20,000 கோடி ரூபாய் நிவாரணத் தொகுப்பை அறிவித்தது. ஏப்ரலில் 17 பொருட்கள் அடங்கிய மளிகைக் கிட் சுமார் 87 லட்சம் ரேஷன் அட்டைகளுக்கும் என்று முடிவானது. ஏழை, பணக்காரர் என்று பிரிக்கவில்லை. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பெண்களும் உள்ளாட்சிகளும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயச் சமையலறைகளை நடத்தினார்கள். சாப்பாட்டின் விலை இருபது ரூபாய். கொடுக்க முடியாதவருக்கு இலவசம். தனிமையில் இருந்தவரின் வாசலுக்கு வார்டுத் தன்னார்வலர் பொட்டலத்தைக் கொண்டுபோய் வைத்தார்.

உணவுக்கு அடுத்தது இடம். ஒரே அறை வீட்டில் ஒருவரைத் தனியே வைக்க முடியாது. மும்பை தாராவியில் இரண்டரை சதுர கிலோமீட்டருக்குள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். பொதுக் கழிப்பறையே பெரும்பாலோருக்கு. அங்கே வீட்டுத் தனிமை பற்றிப் பேசாமல், பள்ளிகளையும் கல்யாண மண்டபங்களையும் எடுத்து, மூன்று வேளைச் சாப்பாட்டோடு தங்கவைத்தது மாநகராட்சி. உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூலையில் அதைப் பாராட்டியது. அதே மாதம் மும்பையின் மூன்று வார்டுகளில் எடுத்த இரத்தப் பரிசோதனை ஆய்வு, குடிசைவாசிகளில் 57 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 16 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்துபோயிருப்பதைக் காட்டியது. இடைவெளி என்பதும் சொத்தைப் போலவே பங்கிடப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான எண் தேவையில்லை.

மூன்றாவது, ஆள். ஊர்மட்டச் சுகாதாரப் பணியைச் செய்பவரும், வார்டின் ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்தவருமான ஆஷா ஊழியர், யார் வெளியூரிலிருந்து வந்தார், எந்தப் பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதை நோட்டில் வைத்திருந்தார். தொடர்பு தேடும் வேலை பெரும்பாலும் நினைவின் வேலை. யாரைச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு அறிமுகமில்லாத அதிகாரியிடம் பொய் சொல்லலாம். பக்கத்துத் தெருப் பெண்ணிடம் சொல்வது கடினம்.

வரவும் செலவும்

பலன் என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வில், 2020 டிசம்பர், 2021 ஜனவரி வாக்கில் நாட்டில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, கேரளத்தில் 11.6. இரண்டாம் அலைக்குப் பிறகு 2021 ஜூன், ஜூலையில் நாட்டின் அளவு 67.6, கேரளத்தின் அளவு 44.4. அதாவது தடுப்பூசி வரும்போது தொற்றைச் சந்திக்காதவர்கள் கேரளத்தில் அதிகம் இருந்தார்கள். 2020இல் பதிவான மொத்த இறப்புகள் முந்தைய ஆண்டின் ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 2 லட்சத்து 50 ஆயிரமாகக் குறைந்தன. சாலை விபத்துகளும் பிற தொற்றுகளும் குறைந்ததும் அதில் சேரும்.

மறுபக்கத்தையும் எழுத வேண்டும். தொற்றைத் தள்ளிப்போட்டதன் மறுவிளைவாக 2021 நடுவில் நாட்டின் அன்றாடத் தொற்றில் பாதிக்கும் மேல் கேரளத்தில் பதிவானது. இறப்புக் கணக்கில் விடுபட்ட ஆயிரக்கணக்கான பெயர்கள் 2021 இறுதியில் சேர்க்கப்பட்டு, மொத்தம் பின்னர் எழுபதாயிரத்தைத் தொட்டது. முன்மாதிரி என்ற பெயர் பெற்ற மாநிலத்தின் எண்களையும் தணிக்கை செய்துதான் ஏற்க வேண்டியிருக்கிறது. அலைபேசிக் கோபுரம் எட்டாத மலைக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு, 2020 ஜூன் முதல் நாள் தொடங்கிய இணையவழி வகுப்பு பெயரளவில்தான் போய்ச் சேர்ந்தது.

மருந்தை நம்பிய கணக்கு இதைவிட மோசம். 2020 மார்ச்சில் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தடுப்பாகப் பரிந்துரைக்கப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின், சில மாதங்களில் பயனற்றது என்று ஆனது. ரெம்டெசிவிர் குப்பி ஒன்று மலிவு விலையில் 2,800 ரூபாய்க்கு 2020 ஆகஸ்டில் சந்தைக்கு வந்தது. ஒருவருக்கு ஆறு குப்பி, 16,800 ரூபாய். அதே ஆண்டு நவம்பரில் மருத்துவமனை நோயாளிகளுக்கு அது வேண்டாம் என்றது உலக சுகாதார நிறுவனம். 2022இல் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் ஒப்புக்கொண்டது. இடையில், 2021 ஏப்ரலில், கள்ளச் சந்தையில் அதை வாங்கிய குடும்பங்கள் உண்டு. இதோடு இன்னொரு கணக்கை ஒப்பிடலாம்: 2020–21இல் கேரளத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 291 ரூபாய், பதினான்கு நாளுக்கு 4,074. ஒரு நோயாளியின் ரெம்டெசிவிர் செலவில் நான்கு உழைப்பாளிகளைக் கூலியோடு வீட்டில் உட்காரவைத்திருக்கலாம்.

அந்தக் கூலியைக் கேரளம்கூட முறையாகக் கொடுக்கவில்லை. உணவைக் கொடுத்தது. வருமான இழப்பு வீட்டின் தலையிலேயே நின்றது. சுமந்தவர்களின் கணக்கும் தீரவில்லை. 2025 பிப்ரவரி 10 அன்று ஆஷா ஊழியர்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். 21,000 ஆக்க வேண்டும் என்பது கோரிக்கை. மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நீடித்த போராட்டத்தில், ஐம்பதாம் நாள் சிலர் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். உலகம் பாராட்டிய தடுப்பு முறையின் முதுகெலும்பு இவர்களே என்று ஒவ்வொரு அறிக்கையும் எழுதியிருக்கிறது; ஊழியர் என்ற தகுதியை மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த கொள்ளைநோய் வரும்போதும் முதல் ஓராண்டு மருந்தில்லாமல்தான் இருக்கும். அதற்கான ஆயத்தம் பெரிய ஆய்வகங்களில் மட்டும் இல்லை. நோய் உறுதியானவருக்கும் தொடர்பில் வந்தவருக்கும் விண்ணப்பம் கேட்காமல் கூலி போய்ச்சேரும் ஏற்பாடு வேண்டும். எந்தப் பள்ளி, எந்த மண்டபம் தங்குமிடம் என்பதை வார்டு அளவில் முன்பே குறித்துவைக்க வேண்டும். ஆஷா ஊழியருக்கு முறையான சம்பளம் வேண்டும். அடைப்பதா திறப்பதா என்ற முடிவில் ஊர்க்கூட்டத்துக்கும் கரையாருக்கும் இடம் வேண்டும். சுகாதார பட்ஜெட்டுகளில் தடுப்பூசிக்கென்று ஒரு தலைப்பு தவறாமல் இருக்கிறது; பதினான்கு நாள் கூலிக்கென்று ஒரு தலைப்பு இல்லை. அதைச் சேர்க்கும் வரை, பூந்துறையில் ஒருவரை வீட்டுக்குள் இருக்கச் சொல்லும் அரசு தன் செலவை அவருடைய அடுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது.